நேரத்துக்கு வந்து நிற்காமல் போன ரயில்

அரசாங்க ஊழியர் ஒருவர் பயணம் செய்யும் புகையிரதம் தாமதமானதால் அவர் அலுவலகத்துக்குப் பிந்தி வந்தால், நிலைய அதிபர் எழுதித் தரும் உறுதிப்படுத்தலை அவர் அன்றே ஒப்படைக்கும் பட்சத்தில், அந்தப் பிந்திய வரவை அவருடைய விடுமுறையில் கழிக்கலாகாது. விதி இதுதான். முப்பத்து நான்கு வருட அரச சேவையில் இந்த விதியைப் பலருக்குப் பிரயோகித்திருக்கிறேன். உறுதிப்படுத்தலை அடுத்த நாள் கொண்டுவந்த சிலருக்கு மறுத்தும் இருக்கிறேன்.

விதியில் குற்றம் சொல்ல முடியாது. ரயில் நேரத்துக்கு வரும், இல்லாவிட்டால் பிந்தி வரும் என்று அதை எழுதியவர் நினைத்திருக்கிறார். நேரத்துக்கு வந்து நிற்காமல் போகும் ரயிலை அவர் கண்டதில்லை. அவர் யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் குடியிருந்தவரும் அல்லர்.

நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்த காலம் அது. தொண்ணூறுகள் முடிந்துகொண்டிருந்தன. மனைவிக்கு என்னைவிட நான்கு வயது குறைவு. ஆகவே அவள் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தை அண்டியிருந்த ஒரு திணைக்களத்தின் களஞ்சியக் கிளையில் அவள் எழுதுவினைஞர். காலி வீதி என்னும் பிரதான வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி வீட்டில் இருந்தோம். காலை ஏழு இருபது ரயிலில் வெள்ளவத்தையில் ஏறி, கோட்டை நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து எட்டரைக்குள் அலுவலகம் போய்விடுவாள்.

எட்டே முக்காலுக்குப் பிரதம எழுதுவினைஞர் வரவுப் பதிவேட்டை எடுத்து, கடைசிக் கையெழுத்துக்குக் கீழே அடிமட்டம் வைத்துச் சிவப்புக் கோடு ஒன்று கீறுவார். அதற்குப் பிறகு வருகிறவர்கள் கோட்டுக்குக் கீழே ஒப்பமிட வேண்டும். மாத முடிவில் கோட்டுக்குக் கீழே உள்ளவை எண்ணப்பட்டு விடுமுறையில் கழியும். வருடத்தில் ஓர் அளவைத் தாண்டினால் விளக்கம் கோருவார்கள், அதன் பின் விசாரணை, அதன் பின் பெரும்பாலும் வெளிமாவட்டத்துக்கு இடமாற்றம். இந்த ஒழுங்கு நான் வேலை செய்த இடங்களிலும் இருந்தது. கோடு கீறுகிற வேலையை நானே ஆறு வருடம் செய்திருக்கிறேன். வளையாமல் கீறுவேன் என்று பெயர்.

அந்தக் காலத்தில் கரையோர ரயில் நிலையங்களில் பாதுகாப்புச் சோதனை எந்த நாளில் நடக்கும், எந்த நேரத்தில் நடக்கும் என்று எவருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் சோதனையின் நோக்கம். சில நாள் நிலையத்தின் வாசலையே மூடிவிடுவார்கள். சில நாள் மேடையில் நிற்பவர்களை வரிசையாக்கி அடையாள அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்ததாக அட்டையில் இருப்பவர்களுக்கு இரண்டாவது வரிசை ஒன்று உண்டு. அது முடியும்வரை ரயில்கள் வெள்ளவத்தையில் நிற்பதில்லை. ஏழு இருபது சரியாக ஏழு இருபதுக்கு வரும், வேகத்தைக் குறைக்கும், ஊதும், பம்பலப்பிட்டிக்குப் போய்விடும். அங்கே நிற்கும். கோட்டைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரும். அந்த ரயிலில் பாணந்துறையில் ஏறி யன்னலோரமாக ஒருவர் இருப்பார். மனைவியின் பிரதம எழுதுவினைஞர் அவர்தான். எட்டு இருபதுக்கு அலுவலகத்தில் இருப்பார். எட்டே முக்காலுக்கு அடிமட்டத்தை எடுப்பார்.

மனைவி முதல் தடவை பிந்திய அன்று நான் சொன்னபடி நிலைய அதிபரிடம் உறுதிப்படுத்தல் கேட்டிருக்கிறாள். அவர் நல்ல மனிதர். தன்னுடைய பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார்.

"ரெயின் லேட் இல்லையே மிஸ். லேட் எண்டு நான் எப்பிடி எழுதுறது?"

நிற்கவில்லை என்று எழுதித் தரக் கேட்டதற்கு, ஏன் நிற்கவில்லை என்பது பாதுகாப்புத் தரப்பினரின் விடயம், அதை எழுதத் தனக்கு அதிகாரமில்லை என்றார். அவருடைய கதிரையில் நான் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். அதை மனைவியிடம் சொன்னேன். அவள் எழுந்து அடுத்த நாள் உடுக்கும் சேலையை எடுத்து மடிக்கப் போய்விட்டாள்.

நேரத்தோடு வெளிக்கிடலாமே என்று வாசிப்பவர்கள் நினைக்கலாம். வெளிக்கிட்டாள். அரை மணி முந்திப் போய், வரிசையில் அரை மணி கூட நின்றாள். பஸ்ஸில் போயும் பார்த்தாள். காலி வீதியில் இரண்டு இடத்தில் இறக்கிப் பார்த்தார்கள். அன்று ஒன்பதே காலுக்கு ஒப்பமிட்டாள். இதில் உதவக்கூடியது ஒன்றுதான்: வெள்ளவத்தையில் ரயில் நிற்காதென்றால் அதை வீட்டிலேயே அறிந்துகொண்டு, தெகிவளைக்கோ பம்பலப்பிட்டிக்கோ நடந்து போய் அதே ரயிலில் ஏறுவது. ரயிலைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்களுக்குத் தெரியவேண்டியிருந்தது நிலையத்தைப் பற்றி.

மகன் வெளிநாடு போகும்போது விட்டுச்சென்ற கணினி ஒன்று சீலை போர்த்தியபடி வீட்டில் கிடந்தது. எங்கள் ஒழுங்கை முகப்பில் அப்போது மூன்று கணினி வகுப்புகள் இருந்தன. அவற்றில் ஒன்றுக்குப் போய், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு பெறுபேற்றுக்குக் காத்திருந்த பிள்ளைகளோடு பின் வரிசை வாங்கில் இருந்து நான்கு மாதம் புரோகிராம் எழுதப் படித்தேன். இப்போது செயலி என்கிறார்கள். படிப்பித்தவர் என்ன செய்ய விருப்பம் என்று கேட்டபோது, ரயில் நிலையம் திறந்திருக்கிறதா என்று காட்டும் ஒன்று என்றேன். அதற்கு ஏன் அங்கிள் கொம்பியூட்டர், எட்டிப் பார்த்தால் தெரியுமே என்றார். ஒரு நிலையத்தை எட்டிப் பார்க்கலாம், நான்கை எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன்.

திரையில் நான்கு பெட்டிகள்: தெகிவளை, வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கோட்டை. நிற்கும் என்றால் பச்சை, நிற்காது என்றால் சிவப்பு. பெட்டியில் அழுத்தினால் நிறம் மாறும். மாறிய நேரத்தை அது தானாகவே எழுதிச் சேமித்து வைக்கும். தானாக நடந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் தொலைபேசியும் நானும். வெள்ளவத்தை மேடை எங்கள் மொட்டைமாடியில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றால் தெரியும். தெகிவளையில் நிலையத்துக்கு எதிர்வீட்டில் என்னோடு ஒரே வருடம் ஓய்வு பெற்ற சிங்கள நண்பர் ஒருவர் இருந்தார். காலையில் பல் துலக்கியபடியே பார்த்துச் சொல்வார். பம்பலப்பிட்டியில் நிலையத்துக்குப் போகும் வீதியில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா. மகனின் பாடசாலைக் காலம் முழுக்க கொப்பி, பேனை எல்லாம் அவரிடம்தான் வாங்கினோம். கோட்டை நிலையத்தில் விசாரணைப் பகுதிக்கு நானே தொலைபேசி எடுப்பேன். அவர்கள் எடுத்தால் பச்சை.

ஆறேகாலுக்குத் தொடங்கி ஆறு ஐம்பதுக்குள் நான்கு பெட்டிகளும் நிறைந்துவிடும். மனைவி தலை வாரியபடி வந்து திரையைப் பார்ப்பாள். "இண்டைக்கு எங்கால?" என்று கேட்பாள். பதில் தெகிவளை என்றால் சப்பாத்து, வெள்ளவத்தை என்றால் செருப்பு.

முதல் மாதம் நன்றாகப் போனது. இரண்டாம் மாதம் ஒரு காலை வெள்ளவத்தை சிவப்பு, பம்பலப்பிட்டி பச்சை. மனைவி கடற்கரைப் பக்கமாக வேகமாக நடந்து பம்பலப்பிட்டிக்குப் போனாள். வாசல் மூடியிருந்தது. அன்று கோட்டுக்குக் கீழே ஒப்பமிட்டுவிட்டுப் பின்னேரம் வந்து கைப்பையைக் கதிரையில் வைத்தாள்.

"உங்கட பெட்டி பொய் சொல்லுது."

பிழை நானாவிலும் இல்லை, பெட்டியிலும் இல்லை. பிரச்சினை இருந்தால் மட்டும் நானா தொலைபேசி எடுப்பார். எடுக்காவிட்டால் எல்லாம் நலம் என்று வைத்துக்கொண்டு நான் பச்சையில் விட்டுவிடுவேன். அன்று அந்த வீதியில் தொலைபேசிக் கம்பி அறுந்து போயிருந்தது. அரச சேவையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விடயம் இது. சொல்ல ஒன்றுமில்லையென்றாலும் ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பாதவர்களிடம் நானே விளக்கம் கோரியிருக்கிறேன். என் சொந்த வேலையில் அதை மறந்துபோனேன்.

மூன்றாவதாகச் சாம்பல் நிறம் ஒன்றைச் சேர்த்தேன். தெரியாது என்பது அதன் பொருள். ஒவ்வொரு பெட்டியும் காலையில் சாம்பலில்தான் தொடங்கும். ஒருவர் வாயால் சொன்னால்தான் நிறம் மாறும். சொல்லி இருபது நிமிடம் போனால் திரும்பவும் சாம்பலாகிவிடும். இதைச் செய்ய எனக்கு ஒன்பது நாள் எடுத்தது. நானாவுக்கு இனி எல்லாம் சரியென்றாலும் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று விளங்கப்படுத்தினேன்.

"ஒண்டும் இல்லண்டு செல்லவும் கோல் எடுக்கோணுமா சேர்?"

"ஓம் நானா."

"கவுண்மெந்து ஆள்தான் நீங்க," என்றார். ஆனால் எடுத்தார். ஒரு நாளும் தவறவில்லை.

இந்த விடயம் மெதுவாகக் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. காலையில் கதவைத் தட்டி, "அங்கிள், வெள்ளவத்தை நிக்குதோ?" என்று கேட்டுப் போனார்கள். இரண்டாம் மாடியில் இருந்த வங்கிக்காரர் கோட்டைப் பெட்டியில் எந்தப் பக்க வாசல் திறந்திருக்கிறது என்றும் போட முடியுமா என்று கேட்டார். போட்டேன். மின்வெட்டு வந்தால் பதிந்தவை அழியாமலிருக்க, ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் சேமிக்கும்படி மாற்றினேன். நான் நோயில் கிடந்த ஒரு கிழமை முழுவதும் நான்கு பெட்டிகளும் சாம்பலாகவே இருந்தன. அந்தக் கிழமை திரை சொன்னது முழுக்க உண்மை.

மனைவியின் பிந்திய வரவுகள் மாதத்துக்கு ஆறு, ஏழு என்றிருந்தவை இரண்டு, ஒன்று என்று குறைந்தன. அற்றுப்போகவில்லை. ஆறு ஐம்பதுக்குப் பச்சையாக இருந்த வெள்ளவத்தை, அவள் மேடைக்குப் போனபின் ஏழு பத்துக்குச் சிவப்பாகும். மொட்டைமாடியில் நின்று பார்ப்பேன். வரிசையில் அவளுடைய குடை தெரியும். கைத்தொலைபேசி எங்களிடம் இல்லை. இருந்தாலும் சொல்ல என்ன இருந்தது? அவளுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். ரயில் ஊதிக்கொண்டு போகும். நான் கீழே வந்து பெட்டியைச் சிவப்பாக்குவேன்.

வருட முடிவில் விளக்கம் கோரும் கடிதம் வந்தது. அவளுக்கு ஓய்வுக்கு இருபத்தைந்து மாதம் இருந்தது. இடமாற்றம் என்றால் பொலன்னறுவைப் பக்கம் என்று அலுவலகத்தில் கதை. போகும் ஊரில் அறை தேட வேண்டும், யாழ்ப்பாணத்தில் பிறந்தவள் என்று பொலிஸில் பதிய வேண்டும், சோதனை என்றால் தனியாகப் போய் நிற்க வேண்டும். "இந்த வயசில நான் ஆரிட்டப் போய் அறை கேக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

நான் மேசையில் இருந்தேன். விளக்கத்துக்குப் பதில் எழுதுவது எனக்குப் பழகிய வேலை. ஆனால் பதிலுக்குச் சான்று வேண்டும். ஆகவே புகையிரதத் தலைமையலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். கீழ்க்குறிப்பிடும் தினங்களில் மேற்படி புகையிரதம் வெள்ளவத்தை நிலையத்தில் நிறுத்தப்படவில்லை என்பதைத் தயவுசெய்து உறுதிப்படுத்துக. இத்தினங்கள் நம்பத்தகுந்த தகவலாளர்கள் மூலம் திரட்டப்பட்டவை. இணைப்பு: மூன்று பக்கம்.

அந்த மூன்று பக்கம்தான் விடயம். புரோகிராம் சேமித்து வைத்திருந்ததை அப்படியே அச்செடுத்தேன். தெகிவளை முதல் கோட்டை வரை எந்த நிலையம் எந்த நாளில் எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்குச் சோதனைக்காக மூடப்பட்டது, எப்போது திறக்கப்பட்டது, எல்லாம் நேரத்தோடு நிரல் நிரலாக இருந்தது. மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று பக்கத்தையும் வாசித்தாள்.

"இஞ்சேருங்கோ, இதை அனுப்பத்தான் வேணுமோ?"

"இணைப்பில்லாமல் என்னெண்டு உறுதிப்படுத்துவினம்?"

"என்ர நாளை மட்டும் எழுதி அனுப்புங்கோ."

தெரிந்தெடுத்து அனுப்பினால் முழுமையான பதிவு இல்லை என்று நிராகரிக்கலாம் என்றேன். நான் அந்த மேசையில் இருந்திருந்தால் நிராகரித்திருப்பேன். பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு பிரதியை மனைவியின் அலுவலகத்துக்கும் கொடுத்தோம். பற்றுச்சீட்டைக் கடிதக் கோவையில் இட்டேன்.

ஐந்தாம் கிழமை, காலை பத்து மணியளவில், சீருடையில் இருவரும் சீருடை இல்லாமல் ஒருவரும் வந்தார்கள். சீருடை இல்லாதவரின் கையில் என் கடிதம். ஓரத்தில் யாரோ பச்சை மையில் "அவசியமான நடவடிக்கைக்காக" என்று எழுதி இன்னோரிடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்தவர் அதன் கீழே அதையே எழுதி வேறிடத்துக்கு அனுப்பியிருந்தார். மூன்றாவது கைதான் வாசித்திருக்கிறது. என் வாழ்நாளில் எத்தனை கடிதங்களை அந்த இரண்டு சொல்லோடு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறேன் என்று யோசித்தேன். அவர்கள் ஓரமாக இருக்கச் சொன்னதால் யோசிக்க நேரம் கிடைத்தது.

கணினியைப் போட்டுக் காட்டினேன். நான்கு பெட்டிகளும் சாம்பல். சீருடை இல்லாதவர் நன்றாகத் தமிழ் கதைத்தார். நேரங்களை எதற்கு எழுதி வைத்திருக்கிறேன் என்று கேட்டார். மனைவி எப்போது பிந்தினாள் என்று காட்டுவதற்கு என்றேன். யார் இந்தத் தகவலாளர்கள் என்றார். ஒருவர் ஓய்வு பெற்ற அரச அலுவலர், பல் துலக்கும்போது பார்ப்பவர். மற்றவர் கொப்பி விற்பவர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. கணினியை எடுத்துக்கொண்டு என்னையும் வரச் சொன்னார்கள். கணினிக்குப் பற்றுச்சீட்டு வேண்டும் என்றேன். ஒருவரையொருவர் பார்த்துவிட்டு எழுதித் தந்தார்கள்.

பின்னேரம்வரை வாக்குமூலம் எடுத்தார்கள். எழுதியதை வாசித்துக் காட்டிய பின்புதான் ஒப்பமிடுவேன் என்றேன், வாசித்துக் காட்டினார்கள். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னேன். மனைவி அலுவலகத்திலிருந்து நேரே அங்கே வந்து வாங்கில் இருந்தாள். அன்று வெள்ளவத்தையில் ரயில் நின்றதாம். ஆறு மணியளவில் விட்டார்கள்.

நானாவின் கடைக்கும் போயிருக்கிறார்கள். அடுத்த நாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். கடையில் ஆட்கள் போகும்வரை பொறுத்திருந்து சொன்னார்:

"கோச்சி வார போறத்தப் பாக்க லைசன் வேணுமாண்டு கேட்டேன். போய்ட்டாங்க. அது பரவால்ல சேர். ஆனா ஒங்களுக்கு ஒரு பழக்கம் இரிக்கி. ஒருத்தனும் கேக்காமலே எல்லாத்தயும் எழுதிக் குடுக்குறது."

இனி எடுக்க வேண்டாம் நானா என்றேன். ஏன் எடுக்கக்கூடாது, கம்பி அறுந்தால்தான் எடுக்கமாட்டேன் என்றார். கணினி இல்லாததால் கொப்பி மட்டையில் நான்கு சதுரம் கீறி, மூன்று நிறப் பொத்தான்களை வைத்துத் தொடர்ந்தேன். நேரத்தை மட்டும் எழுதவில்லை.

விசாரணை இரண்டு மாதத்தின் பின் கொட்டாஞ்சேனையிலேயே நடந்தது. நான் உள்ளே போக முடியாது. குற்றஞ்சாட்டப்பட்டவர் சாட்சியை ஒரு கேள்வியாவது கேட்கலாம் என்று விதியில் இருப்பதை முதல் நாள் இரவு மனைவிக்குச் சொல்லி வைத்திருந்தேன். என்ன கேட்க வேண்டும் என்றும் ஒரு தாளில் ஏழு கேள்வி எழுதிக் கொடுத்தேன். உள்ளே நடந்தது அவள் பிறகு சொன்னது, நடந்தது சிங்களத்தில்.

சாட்சி பிரதம எழுதுவினைஞர். பதிவேட்டைக் கொண்டுவந்து, கோட்டுக்குக் கீழே உள்ள ஒப்பங்களைக் காட்டினார். அந்த நாட்களில் ரயில் பிந்தியதா என்று விசாரணை அதிகாரி கேட்டார். இல்லை, நானும் அதே ரயிலில்தான் வருகிறேன், பிந்தவில்லை என்றார். எழுதிக்கொண்டார்கள். மனைவியிடம் ஏதாவது கேட்க இருக்கிறதா என்றார்கள். அவள் என் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டுத் தன் சொந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"சேர், அந்த நாட்களில் வெள்ளவத்தை தாண்டும்போது நீங்கள் என்னைக் கண்டீர்களா?"

அவர் பதிவேட்டை மூடினாராம்.

"கண்டேன். மேடையில், குடையோடு. ரயில் நிற்கவில்லை."

"எத்தனை நாள்?"

"எண்ணவில்லை. பிறகு நான் மற்றப் பக்கம் இருக்கத் தொடங்கினேன்."

கோட்டைக்குப் போகும் ரயிலில் கடற்பக்க யன்னலில் இருப்பவருக்குத்தான் அந்த மேடை தெரியும். நல்ல காற்று வருகிற பக்கமும் அதுதான். அந்த மனிதர் எத்தனை மாதம் காற்றில்லாத பக்கம் இருந்து வந்து சிவப்புக் கோடு கீறினார் என்று தெரியவில்லை. நான் கோடு கீறிய ஆறு வருடத்தில், கீழே ஒப்பமிட்டவர்கள் எங்கே நின்றார்கள் என்று நினைத்துப் பார்த்ததில்லை என்பதையும் இங்கே எழுத வேண்டும்.

விசாரணை அதிகாரி விதியைப் பார்த்தார். நேரில் கண்ட சாட்சிக்கு அதில் இடமில்லை. புகையிரதத் தரப்பின் எழுத்து மூலமான உறுதிப்படுத்தல் வேண்டும். கேட்டு எழுதப்பட்டிருக்கிறதா என்றார். எழுதப்பட்டிருக்கிறது, பிரதி கோவையில் இருக்கிறது. அப்படியானால் அந்தப் பதில் கிடைக்கும்வரை தீர்மானம் ஒத்திவைக்கப்படுகிறது என்று எழுதி ஒப்பமிட்டார். இடமாற்றமும் அதுவரை நிற்கும்.

நான் மாதம் ஒரு நினைவூட்டல் கடிதம் அனுப்பினேன். மூன்று அனுப்பினேன். நான்காவதைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தபோது மனைவி பின்னால் வந்து நின்று வாசித்தாள்.

"மறுமொழியில என்னவெண்டு எழுதுவினம்?"

யோசித்தேன். அவர்களுடைய பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதை எழுதுவார்கள். பதிவேட்டில் இருப்பது ரயில் பிந்தவில்லை என்பது. நின்றதா என்று ஒரு நிரல் அதில் இல்லை. அந்தப் பதில் வருகிற அன்று தீர்மானம் எடுக்கப்படும், தீர்மானம் பொலன்னறுவை.

"அப்ப ஏன் நீங்கள் அவையளை எழுப்புறியள்?"

தட்டச்சு யந்திரத்திலிருந்து தாளை உருவினேன். கோவைக்குள் வைக்கவில்லை, கிழித்தேன். நினைவூட்டல் அனுப்பாமல் ஒரு விடயத்தை விட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பழக்கமில்லாத வேலை. முதலாந் திகதி வந்தால் கை தானாக மேசைக்குப் போகும்.

மனைவியின் அலுவலகத்தில், நிலுவையில் உள்ள கோவைகளை மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பார்க்கும் பொறுப்பும் பிரதம எழுதுவினைஞருடையது. மாத முடிவில் அவளுடைய மேசைக்கு வருவார்.

"பதில் வந்ததா மிஸ்?"

"இல்லை சேர்."

"அவசரமில்லை," என்று சொல்லி, கோவையில் "பதில் எதிர்பார்க்கப்படுகிறது" என்று எழுதி, அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைப்பார். மேலிடத்துக்கு ஒரு தடவையும் நினைவூட்டவில்லை. அவரும் கடமை தவறியதில்லை என்று பெயரெடுத்தவர். திரும்பக் கடற்பக்கம் இருக்கத் தொடங்கியிருந்தார் என்று மனைவி சொன்னாள். நிற்காத நாட்களில் யன்னலால் கை காட்டிவிட்டுப் போவாராம். அப்படியான நாட்களிலும் சிவப்புக் கோடு எட்டே முக்காலுக்குத்தான். அதில் மாற்றமில்லை.

கணினி எட்டு மாதத்தின் பின் வந்தது. பற்றுச்சீட்டைக் காட்டிப் பெற்றுக்கொண்டேன். உள்ளே இருந்ததெல்லாம் அழிக்கப்பட்டிருந்தது. புரோகிராமை நினைவிலிருந்து திரும்ப எழுதினேன். முதல் தடவையைவிடக் குறுகியதாகவும் ஒழுங்காகவும் வந்தது. நேரத்தைப் பதியும் பகுதியை எழுதவில்லை. பெட்டிகள் சாம்பலில் தொடங்கின. தெகிவளை நண்பர் பல் துலக்கினார், நானா எடுத்தார். கட்டடத்துக்குப் புதிதாக வந்தவர்களும் கதவைத் தட்டினார்கள்.

மாதங்களை எண்ணினோம். பதினான்கு, பத்து, ஐந்து. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் நான் படியால் இறங்கிப் போய், என்ன கடிதம் என்று பார்த்தபின்தான் மேலே வருவேன். மின்சாரப் பட்டியல் என்றால் சந்தோஷம்.

அவளுக்கு அறுபது பூர்த்தியாகும் நாள் தைப்பொங்கல் அன்று வந்தது. ஆகவே கடைசி வேலை நாள் பொங்கலுக்கு முதல் நாள். அன்று காலை நான்கு பெட்டிகளும் பச்சை. செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். எட்டே முக்காலுக்கு முன்னால், கோட்டுக்கு மேலே ஒப்பமிட்டாள். பின்னேரம் அவளுக்கு ஒரு மணிக்கூடு கொடுத்தார்கள். பிரதம எழுதுவினைஞர் கோவையைக் கடைசித் தடவையாக எடுத்து, உத்தியோகத்தர் ஓய்வு பெற்றுவிட்டதால் மேலதிக நடவடிக்கை தேவையில்லை என்று எழுதி மூடினாராம். ஓய்வூதியம் ஒழுங்காக வந்தது. அடுத்த நாள் பொங்கினோம். நானாவுக்கும் தெகிவளைக்கும் பொங்கல் அனுப்பினோம்.

அதற்கடுத்த நாள் தபால்காரர் மணி அடித்தபோது பழக்கத்தில் இறங்கிப் போனேன். நீள உறை, அரசாங்க முத்திரை. தமிழில் எழுதிய கடிதத்துக்குத் தமிழிலேயே பதில். அதில் அவர்கள் பிழை விடவில்லை. தாங்கள் குறிப்பிட்ட தினங்கள் யாவற்றிலும் மேற்படி புகையிரதம் உரிய நேரத்துக்குச் சேவையில் ஈடுபட்டதென எமது பதிவேடுகளின்படி இத்தால் உறுதிப்படுத்தப்படுகிறது. தாமதத்துக்கு வருந்துகிறோம்.

கடிதத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். கோவையில் இடுங்கோ என்றாள். கோவையில் இடுவதற்கு முன், இடது மூலையில், கிடைத்த திகதியை எழுதினேன்: ஜனவரி பதினைந்து.